சிட்டி லோன் போட்டு கம்யூனிட்டி சென்டரைப் புதுப்பிக்குதாம், கடைசில நம்ம தலையிலதான் விடியுமா?

குளிர்தாங்கி:
நியூ ஜெர்சில சின்ன சிட்டி எங்களோடது. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி நடத்துற பழைய கம்யூனிட்டி சென்டர் கதவுல நோட்டீஸ் ஒட்டிருக்காங்க, ஹட் (ஃபெடரல் அரசோட வீட்டுவசதித் துறை) மூலமா செக்‌ஷன் 108 லோன் எடுத்து மொத்தத்தையும் புதுப்பிக்கறாங்களாம், அடுத்த வாரம் பப்ளிக் ஹியரிங். நல்ல விஷயம்தான், மழை வந்தா ரெண்டாம் நிலை ரூம்ல வாளிய வெச்சுட்டுதான் அ ஆ சொல்லித் தர்றோம். ஆனா இப்பவே பிராப்பர்ட்டி டாக்ஸ் கட்டி நாக்கு தள்ளுது, இதுவும் அதுல ஏறுமா?

ஆணிபுடுங்கி:
ஃபெடரல் காசு ஃப்ரீதானே ப்ரோ, வர்ற லட்சுமிய ஏன் தடுக்கறீங்க 😀

கணக்குப்பிள்ளை:
ஃப்ரீ எல்லாம் இல்லீங்க. சிட்டி ஃபைனான்ஸ்ல கொஞ்ச காலம் குப்பை கொட்டினவன்ங்கறதால சொல்றேன். இதுல ஹட் காசே குடுக்கறதில்ல, ஜாமீன் கையெழுத்துதான் போடுது, காசு வெளி முதலீட்டாளர்கள்கிட்ட இருந்து வருது. அடமானம் என்னன்னா ஊர் மேம்பாட்டுக்குன்னு ஃபெடரல் அரசுகிட்ட இருந்து வருஷா வருஷம் சிட்டிக்கு வர்ற சிடிபிஜி மானியம். ஒரு வருஷ மானியத்துல அஞ்சு மடங்கு வரைக்கும் வாங்கலாம், 20 வருஷம் வரைக்கும் கட்டலாம். இப்ப கணக்கு போடுங்க, 10 லட்சம் டாலர் மானியம் வர்ற ஊர் முழுசா 50 லட்சம் வாங்கிட்டா அசல் மட்டுமே வருஷத்துக்கு ரெண்டரை லட்சம், மானியத்துல கால்வாசி போச்சு, வட்டி தனி. அதனால முதல் அடி உங்க டாக்ஸ் மேல விழாது, அந்த மானியத்துல நடக்குற ஏழைங்க வீட்டு ரிப்பேர், நடைபாதை வேலை மேலதான் விழும். ஆனா ட்ரம்ப் 2017ல இருந்தே பட்ஜெட்ல சிடிபிஜிய மொத்தமா தூக்கச் சொன்ன ஆளு, காங்கிரஸ்தான் விடல. மானியம் நின்னா கடன் நிக்காது, அதுக்குன்னு ஹட் வேற அடமானமும் கேட்கும், அது என்னன்னு ஹியரிங்ல கண்டிப்பா கேளுங்க.

மிச்சிகன்மாமா:
இதுக்கு டெட்ராய்ட்டைப் பாருங்க. 1984ல மூடின புக் கடிலாக் ஹோட்டலை 2008ல திறந்ததுல இந்த 108 கடனும் இருந்துச்சு. அது வாடகை வர்ற ஹோட்டல், அப்படியும் 108 கடனுக்கு சிட்டி மானியத்துல கை வைக்க வேண்டியதாச்சு. உங்க சென்டர்ல என்ன வருமானம், பாஸ்கெட்பால் கோர்ட் வாடகையா?

குளிர்தாங்கி:
ஐயோ மாமா 😅 மத்தியானம் சீனியர்ஸுக்கு லஞ்ச் நடக்குது, அதுக்கும் காசு வாங்கறதில்ல.

கணக்குப்பிள்ளை:
அந்த லஞ்ச்தான் சிட்டிக்கு சாதகம். வருமானம் குறைஞ்சவங்களுக்குப் பயன்படணும்னு ரூல் இருக்கு, முதியவங்களுக்கான சென்டர்னா பொதுவா அப்படியே ஏத்துக்குவாங்க, இல்லாட்டி அந்த ஏரியால 51% பேர் குறைஞ்ச வருமானக்காரங்கன்னு காட்டணும். சிட்டி ஹால் ரிப்பேருக்கு எல்லாம் இந்தக் காசு ஆகாது, சந்தடி சாக்குல மேயர் ஆபீசுக்கு டைல்ஸ் போடறாங்களான்னும் ஒரு கண் வெச்சுக்கங்க.

குளிர்தாங்கி:
சரிண்ணா, கேட்டுட்டு வந்து சொல்றேன். இன்னொரு டவுட்டு, வேலை முடியற வரைக்கும் 60 பிள்ளைங்கள எங்க உட்கார வைக்கறது? யாராவது சர்ச் பேஸ்மென்ட் வாடகைக்கு எடுத்து கிளாஸ் நடத்திருக்கீங்களா, இன்சூரன்ஸ் கேட்டாங்களா?