சிஜிநாட் பின்னால் கடை சர்வர்: போர்ட் ஃபார்வர்டு செய்தும் வெளியிலிருந்து திறக்கவில்லை

கேள்வி: நூல்கடை_ஈரோடு

வணக்கம். கைத்தறித் துண்டு, போர்வை, பெட்ஷீட் ஆன்லைனில் விற்கிறோம். வூகாமர்ஸ் தளம், ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஓடுகிறது. படங்கள் அதிகம் என்பதால் வேகம் போதவில்லை. ஆபீஸில் 16 ஜிபி ரேம், இரண்டு எஸ்எஸ்டி உள்ள டெஸ்க்டாப் ஒன்றில் உபுண்டு போட்டுத் தளத்தின் நகலை ஏற்றியிருக்கிறோம். ஆபீஸ் வைஃபையில் நன்றாகத் திறக்கிறது. ரௌட்டரில் 80, 443 இரண்டு போர்ட்டையும் அந்தக் கணினிக்கு ஃபார்வர்டு செய்துவிட்டு மொபைல் டேட்டாவில் திறந்தால் டைம் அவுட்.

ரௌட்டரின் வேன் (வெளி இணைய இணைப்பு) பக்கத்தில் 100.72 என்று தொடங்கும் ஐபி இருக்கிறது. "என் ஐபி என்ன" என்று காட்டும் தளங்களில் வேறு எண் வருகிறது. டைனமிக் டிஎன்எஸ் (ஐபி மாறினாலும் ஒரே பெயரில் திறக்கவைக்கும் சேவை) போட்டால் சரியாகுமா?

பதில் 1: கேட்வே_பத்து

டைனமிக் டிஎன்எஸ் உதவாது. 100.64.0.0 முதல் 100.127.255.255 வரை உள்ள முகவரிகள் சிஜிநாட்டுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. அதாவது, ஒரே பொது ஐபியை உங்கள் இணைய நிறுவனம் பல வீடுகளுக்குப் பங்கிட்டிருக்கிறது. வெளியிலிருந்து 443-க்கு வரும் இணைப்பு அவர்களுடைய கருவியிலேயே நின்றுவிடும், உங்கள் ரௌட்டர் வரை வராது. அதனால் ரௌட்டரில் எதை மாற்றினாலும் பலன் இல்லை. நிலையான ஐபி தருவார்களா என்று முதலில் கேளுங்கள். பிசினஸ் திட்டங்களில் பெரும்பாலும் கிடைக்கும்.

கிடைக்காவிட்டால் ஆபீஸ் கணினியே வெளியே போய் இணைப்பை ஏற்படுத்தட்டும். மும்பையிலோ பெங்களூரிலோ பொது ஐபியுடன் 1 ஜிபி ரேம் விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்) ஒன்று எடுங்கள். இரண்டு பக்கமும் வயர்கார்டு (இரண்டு கணினிகளுக்கிடையே பாதுகாப்பான டன்னல் போடும் விபிஎன் மென்பொருள்) நிறுவுங்கள். டன்னலுக்குள் விபிஎஸ்ஸுக்கு 10.8.0.1, ஆபீஸுக்கு 10.8.0.2 என்று வைத்துக்கொள்வோம். கவனிக்க வேண்டியவை:

ஆபீஸ் பக்கத்தில் பெர்சிஸ்டென்ட் கீப்அலைவ் (இணைப்பு மறக்கப்படாமலிருக்க அவ்வப்போது அனுப்பும் சிறு பாக்கெட்) 25 விநாடி கட்டாயம் வேண்டும். சும்மா இருக்கும் யுடிபி இணைப்பை நாட் கருவிகள் அரை நிமிடத்திலேயே மறந்துவிடக்கூடும். இது இல்லாமல் விட்டால் பகலில் ஓடும், ஆர்டர் வராத நள்ளிரவில் தளம் காணாமல் போகும்.

அலவ்டு ஐபிஸ் (டன்னல் வழியாகப் போக வேண்டிய முகவரிகள்) இடத்தில் ஆபீஸ் பக்கம் 10.8.0.1/32, விபிஎஸ் பக்கம் 10.8.0.2/32 மட்டும் கொடுங்கள். இணையத்தில் கிடைக்கும் மாதிரிகளில் 0.0.0.0/0 இருக்கும். அதை அப்படியே ஒட்டினால் அந்தக் கணினியின் மொத்த இணையமும் விபிஎஸ் வழியாகச் சுற்றிப் போகும்.

வயர்கார்டு பயன்படுத்தும் யுடிபி 51820 போர்ட்டை விபிஎஸ்ஸுக்குள் இருக்கும் ஃபயர்வாலில் திறந்தால் மட்டும் போதாது. பல விபிஎஸ் நிறுவனங்களின் கட்டுப்பாட்டுப் பலகையில் தனியாக இன்னொரு ஃபயர்வால் இருக்கும். அதிலும் திறக்க வேண்டும்.

விபிஎஸ்ஸில் எச்ஏபிராக்ஸியை (வரும் இணைப்பை வேறு சர்வருக்குக் கடத்தும் மென்பொருள்) டிசிபி முறையில், அதாவது உள்ளே பிரித்துப் பார்க்காமல் அப்படியே கடத்தும்படி, வைத்து 80, 443 இரண்டையும் டன்னலுக்குள் அனுப்புங்கள். எஸ்எஸ்எல் சான்றிதழும் அதன் சாவியும் ஆபீஸிலேயே இருக்கும், விபிஎஸ்ஸில் யாராவது புகுந்தாலும் சாவி போகாது. 80-ஐ விட்டுவிடாதீர்கள். லெட்ஸ் என்கிரிப்ட் (இலவச எஸ்எஸ்எல் சேவை) சான்றிதழை எச்டிடிபி முறையில் புதுப்பிக்க அது தேவை.

இந்த அமைப்பில் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. வாடிக்கையாளர் எங்கிருந்து வந்தாலும் ஆபீஸ் சர்வரின் பதிவுகளில் 10.8.0.1 என்றே விழும். ஃபெயில்2பேன் (தொடர்ந்து தவறும் ஐபியைத் தடுக்கும் மென்பொருள்) போட்டிருந்தால், யாரோ ஒரு பாட் தவறான கடவுச்சொல்லை நாலைந்து முறை தட்டியதும் அது 10.8.0.1-ஐத் தடுத்துவிடும். அதோடு கடை மொத்தமாக இருண்டுவிடும். எச்ஏபிராக்ஸியில் பிராக்ஸி புரோட்டோகாலை (வாடிக்கையாளரின் உண்மையான ஐபியையும் சேர்த்து அனுப்பும் முறை) இயக்கி, ஆபீஸ் வெப்சர்வரான என்ஜின்எக்ஸிலும் அதை ஏற்கச் சொல்லி, 10.8.0.1-இலிருந்து வருவதை மட்டும் நம்பும்படி அமைக்க வேண்டும். இரண்டு முனைகளிலும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். அனுப்பும் பக்கம் மட்டும் இயக்கினால் எஸ்எஸ்எல் பிழைதான் வரும்.

பதில் 2: இரவுப்பணி

மேலே சொன்னது நுட்ப ரீதியாகச் சரி. ஆனால் பணம் வாங்கும் தளத்தை ஆபீஸ் மேசைக்கடியில் வைப்பதை நான் ஏற்கமாட்டேன். வாடிக்கையாளர் யுபிஐயில் பணம் செலுத்தி முடித்த நொடியில் மின்சாரம் போனால், கட்டண நிறுவனம் அனுப்பும் வெப்ஹூக் (பணம் வந்ததைத் தளத்துக்குத் தானாகச் சொல்லும் செய்தி) உங்களை வந்து சேராது. பணம் போய்விட்டது, ஆர்டரோ "நிலுவை" என்றே நிற்கும். அவர்கள் மறுபடி முயல்வார்கள், ஆனால் எப்போது என்பது அவர்கள் கையில். அதற்குள் வாடிக்கையாளர் பதற்றத்தில் இரண்டாம் முறை பணம் செலுத்தியிருப்பார்.

கடையையும் டேட்டாபேஸையும் விபிஎஸ்ஸிலேயே வையுங்கள். 4 ஜிபி ரேம் இருந்தால் வூகாமர்ஸ் தாராளமாக ஓடும். அசல் படங்கள், கணக்கு மென்பொருள், பேக்கப் எல்லாம் ஆபீஸில் இருக்கட்டும், அதே டன்னல் அதற்கும் பயன்படும். பேக்கப்பை ஆபீஸ் கணினி போய் இழுத்துவர வேண்டும், விபிஎஸ் வந்து தள்ளக்கூடாது. விபிஎஸ்ஸைக் கைப்பற்றியவர் பேக்கப்பையும் அழிக்க முடியாதபடி இருப்பதுதான் பேக்கப். மாதம் ஒருமுறையாவது அதிலிருந்து தளத்தை வேறொரு கணினியில் எழுப்பிப் பாருங்கள்.

எங்கே வைத்தாலும் சரி, ஒரே வெப்ஹூக் இரண்டு முறை வரும் என்று எதிர்பார்த்தே நிரலை எழுத வேண்டும். நிகழ்வு எண்ணைச் சேமித்து, ஏற்கெனவே வந்ததா என்று பார்த்த பிறகுதான் ஸ்டாக்கைக் குறைக்க வேண்டும்.

நூல்கடை_ஈரோடு

இருவருக்கும் நன்றி. இரண்டாவது யோசனைப்படி கடையை விபிஎஸ்ஸுக்கு மாற்றுகிறோம். படங்களின் சர்வர் மட்டும் ஆபீஸில். டன்னல் எழும்பிவிட்டது, பிங் போகிறது, ஆனால் பெரிய படங்கள் பாதியில் நிற்கின்றன. எஸ்எஸ்எச்சில் (தொலைவிலிருந்து கட்டளை கொடுக்கும் வழி) உள்ளே போக முடிகிறது, நீளமான பட்டியல் கேட்டால் உறைந்துவிடுகிறது. வயர்கார்டில் எண்ட்பாயிண்டாக (மறுமுனை முகவரி) விபிஎஸ்ஸின் ஐபிவி6 முகவரி கொடுத்திருக்கிறோம். ரௌட்டரில் பிபிபிஓஇ (பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும் முறை).

பதில் 3: கேட்வே_பத்து

எம்டியூ (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) பிரச்சினை. சின்னது போகும், பெரியது நிற்கும் என்பதே அதன் அடையாளம். வயர்கார்டு இயல்பாக 1420 வைக்கும். ஐபிவி6 வழியாகப் போனால் அதன் மேல் 80 பைட் ஏறி 1500 ஆகும். பிபிபிஓஇ 8 பைட்டை எடுத்துக்கொள்வதால் உங்கள் லைனில் 1492-க்கு மேல் நுழையாது. இரண்டு பக்கமும் 1412 வையுங்கள். பிறகு 10.8.0.1-க்குப் பிரிக்கக்கூடாது என்ற நிபந்தனையுடன் 1384 பைட் பிங் கொடுங்கள், திரும்பி வர வேண்டும். 4ஜி டாங்கிளை மாற்று லைனாக வைப்பதாக இருந்தால் 1380-க்கு இறக்கிவிடுங்கள், வேகத்தில் வித்தியாசம் தெரியாது.

டாங்கிளுக்கு மாறும்போது ஆபீஸின் ஐபி மாறினாலும் டன்னலைத் தொட வேண்டாம். புது முகவரியிலிருந்து சரியான சாவியுடன் முதல் பாக்கெட் வந்ததும் விபிஎஸ் தானாகவே அதைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் கேபிள் கழன்றால் மட்டுமே மாறுகிற ரௌட்டர் போதாது. ஓஎன்டி (ஃபைபர் இணைப்பு வந்து சேரும் பெட்டி) விளக்கு பச்சையாக எரிந்துகொண்டே இணையம் செத்திருக்கும். வெளி முகவரி ஒன்றைப் பிங் செய்து பார்த்து மாறுகிற வசதி வேண்டும்.

வயர்கார்டு நிலையில் கடைசி ஹேண்ட்ஷேக் (இரண்டு முனைகளும் சாவியைப் புதுப்பித்துக்கொள்ளும் உரையாடல்) 3 நிமிடத்துக்கு மேல் பழையதாக இருந்தால் டன்னல் செத்துவிட்டது என்று பொருள். அதை விபிஎஸ்ஸிலிருந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து எச்சரிக்கை அனுப்பச் செய்யுங்கள்.

பதில் 4: இரவுப்பணி

மின்சார விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கணினிக்கு யூபிஎஸ் வைத்துவிட்டு ஓஎன்டியையும் ரௌட்டரையும் சுவர் பிளக்கில் விட்டுவிடுகிறார்கள். அவை இரண்டும் 12 வோல்ட் கருவிகளாக இருந்தால் சின்ன டிசி யூபிஎஸ் ஒன்றே போதும், அடாப்டரின் ஆம்பியரைப் பார்த்து வாங்குங்கள். இன்வெர்ட்டரில் ஓட்டினால் அதன் பின்பக்க சுவிட்சை யூபிஎஸ் நிலையில் வையுங்கள். சாதாரண நிலையில் மாறும் நேரம் அதிகம், கணினி ரீஸ்டார்ட் ஆகும். பயாஸில் மின்சாரம் திரும்பியதும் தானாக இயங்கும் அமைப்பையும் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை யாராவது ஆபீஸைத் திறந்து பொத்தானை அழுத்தும் வரை படங்கள் வராது.