மறதி நோய் உள்ளவர்களிடமே பேட்டி எடுக்கலாமா?

தாழம்பூ:
அம்மாவுக்கு அல்சைமர். ஆய்வு மாணவி ஒருவர் அம்மாவிடமே ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்கிறார். எனக்கு மனசே இல்லை. காலையில் கையெழுத்துப் போட்டதை மதியம் மறந்துவிடுவார். அது என்ன சம்மதம்? கேட்பதை என்னிடம் கேட்கட்டுமே.

களப்பணியாளர்:
உங்களிடம் கேட்டால் உங்கள் சுமை தெரியும், அவருடைய பயம் தெரியாது. வளரும் நாடுகளில் மறதி நோய் பற்றி நடந்த 10/66 என்ற ஆய்வில், சென்னையிலும் வேலூரிலும் முதியவரிடம் தனியாக, வீட்டாரிடம் தனியாக என்று இரண்டு பக்கமும் கேட்டார்கள். அப்புறம், பிரிட்டனின் 2005 மனத்திறன் சட்டத்தைப் பாருங்கள். சொன்னது கொஞ்ச நேரமே நினைவில் நிற்கிறது என்பதற்காக ஒருவரை முடிவெடுக்க முடியாதவர் என்று ஒதுக்கக் கூடாது என்கிறது.

தாழம்பூ:
இங்கே நடப்பது வேறு. "சும்மா பேசலாம் பாட்டி" என்று உட்காருவார்கள். உடனே இன்று என்ன கிழமை, முதலமைச்சர் யார் என்று பரீட்சை. பதில் வராவிட்டால் அம்மாவின் முகமே வாடிவிடும். ராத்திரி தூக்கம் இருக்காது. கேள்வி மறந்துவிடும், அவமானம் மறக்காது.

ஈரோட்டான்:
தாழம்பூ சொல்வது சரி. அயோவா பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2014இல் வந்தது. சோகக் காட்சிகளைப் பார்த்த அல்சைமர் நோயாளிகளுக்குக் காட்சி மறந்த பிறகும் சோகம் நீடித்தது.

களப்பணியாளர்:
அதனால்தான் பேட்டியில் தேதி, கிழமை கேட்கவே கூடாது என்கிறேன். அரை மணி போதும். சாயங்காலம் குழப்பம் கூடுகிறவர் என்றால் காலையிலேயே வரச் சொல்லுங்கள். ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சம்மதம் கேட்க வேண்டும். முடிவெடுக்க முடியாத நிலையில் உள்ளவர்கூட விலக விரும்புவதாக எப்படிக் காட்டினாலும் உடனே விடுவிக்க வேண்டும் என்று அதே சட்டத்தில் இருக்கிறது.

தாழம்பூ:
காட்ட மாட்டாரே! வீடு தேடி வந்தவரிடம் வேண்டாம் என்று சொல்லிப் பழகாதவர் அம்மா. காபி குடிக்கச் சொல்லி, கேட்டதற்கெல்லாம் சரி என்பார். அந்தச் "சரி"யை வெளியாள் எப்படிப் புரிந்துகொள்வார்?

களப்பணியாளர்:
நியாயமான கேள்வி. முதல் சில தடவை அந்த மாணவி நோட்டும் கேள்வியும் இல்லாமல் வந்து பழகட்டும். எந்தச் "சரி" மரியாதைக்கு என்று நீங்கள் அவருக்குச் சொல்லிக்கொடுங்கள். ஆனால் பேட்டியின்போது பக்கத்தில் உட்காராதீர்கள். ஒவ்வொரு கேள்விக்கும் அம்மா உங்கள் பக்கம் திரும்பிப் பதில் தேடுவார்.

தாழம்பூ:
கண்ணில் படும் தூரத்தில் இருப்பேன். அதற்கு மேல் விலக மாட்டேன். குரல் பதிவும் கூடாது.

களப்பணியாளர்:
தூரம் உங்கள் விருப்பம். குரல் பதிவு வேண்டுமா என்பதை அம்மாவிடம் கேளுங்கள்.