நிலவின் மையநோக்கு முடுக்கம் எனக்கு ஏன் 0.00234 என்று வருகிறது?

பதினொன்றாம்_வகுப்பு (இரவு 7:52)

நாளை முதல் பாடவேளையில் நிலவுக் கணக்கைக் கரும்பலகையில் செய்து காட்ட வேண்டும். மூன்று முறை போட்டுப் பார்த்தும் விடை ஒத்து வரவில்லை. புவிப்பரப்பில் ஈர்ப்பு முடுக்கம் 9.8 மீ/வி². நிலவு புவி ஆரத்தைப்போல் 60 மடங்கு தொலைவில் இருப்பதால், ஈர்ப்பு தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும் என்று அதை 60 இன் வர்க்கமான 3600 ஆல் வகுத்து 0.00272 மீ/வி² என்று எடுத்துக்கொண்டேன். வட்ட இயக்கச் சூத்திரத்தில் போட்டாலும் இதே விடை வர வேண்டும், ஆனால் 0.00234 தான் வருகிறது. சூத்திரம் வழக்கமானதுதான், எண்களும் எல்லாருக்கும் தெரிந்தவைதான். தவறு எங்கே என்று தயவுசெய்து உடனே சொல்லுங்கள்.

பழைய_ஆசிரியர் (8:05)

தம்பி, எல்லாருக்கும் தெரிந்த எண்கள் என்று நீங்கள் விட்டுவிட்டவற்றில்தான் பிழை ஒளிந்திருக்கும். வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தீர்களா, அல்லது நான்கு பை வர்க்கத்தை ஆரத்தால் பெருக்கிச் சுற்றுக்காலத்தின் வர்க்கத்தால் வகுத்தீர்களா? தொலைவு எவ்வளவு? நாளை வினாடியாக்க 86,400 ஆல் பெருக்கினீர்களா? நான் திருத்திய விடைத்தாள்களில் பெரும்பாலான பிழைகள் அலகு மாற்றத்தில்தான் இருந்தன.

வரலாற்றுப்_பக்கம் (8:14)

அலகில் பிழை என்றால் விடை ஆயிரம் மடங்கு பிறழ்ந்திருக்கும். இங்கே 14 விழுக்காடுதான் குறைகிறது. இந்த அளவைப் பார்த்ததும் எனக்கு நியூட்டன் நினைவுக்கு வந்தார். 1660களில் அவர் இந்த ஒப்பீட்டை முதலில் செய்தபோது, புவிப்பரப்பில் ஒரு பாகைக்கு 60 மைல் என்று வைத்துக்கொண்டதாகச் சொல்லப்படுகிறது. உண்மையில் அது 69 மைலை ஒட்டியது. புவியின் ஆரம் குறைந்துபோனால் அதை 60 ஆல் பெருக்கிப் பெறும் நிலவின் தொலைவும் குறையும், முடுக்கமும் ஏறத்தாழ இதே விகிதத்தில் குறையும். பின்னர் பிக்கார் என்ற வானியலாளர் பிரான்சில் அளந்த துல்லியமான மதிப்பைக் கொண்டு, 1687 இல் வெளிவந்த பிரின்சிப்பியா என்ற தம் நூலில் அவர் கணக்கை நேர்செய்தார். ஆகவே புவியின் ஆரத்தை எவ்வளவு என்று எடுத்தீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். பிழை அங்கேதான் இருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

விசைமானி (8:21)

எண்களை எழுதாமல் உதவி கேட்பவர்களை இங்கே பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். முதலில் ஓர் அடிப்படையைப் புரிந்துகொள்ளுங்கள்: நிலவின் பாதை வட்டமே அல்ல, நீள்வட்டம். அது ஏறத்தாழ 3,63,000 கிலோமீட்டர் வரை நெருங்கி வருகிறது, 4,05,000 கிலோமீட்டர் வரை விலகிச் செல்கிறது. வட்டத்துக்கான சூத்திரத்தை அதில் போட்டால் விடை எப்படிப் பொருந்தும்? பாடநூலை ஊன்றிப் படித்துவிட்டு வந்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

இரு_பொருள் (8:30)

அது காரணம் ஆகாது. 3,84,400 கிலோமீட்டர் என்ற சராசரித் தொலைவு அந்த நீள்வட்டத்தின் பாதி நெட்டச்சுதான், அதாவது அதன் மிக நீண்ட விட்டத்தில் பாதி. அதை ஆரமாக வைத்தால், பாதி நெட்டச்சையும் சுற்றுக்காலத்தையும் இணைக்கும் கெப்ளரின் மூன்றாம் விதிப்படி சுற்றுக்காலம் சரியாகவே வரும். எனக்கு வேறோர் ஐயம். நிலவு புவியின் மையத்தைச் சுற்றவில்லை. இரண்டும் பொது நிறைமையத்தைச் சுற்றுகின்றன. நிலவின் நிறை புவியின் நிறையில் 81 இல் ஒரு பங்கு என்பதால், அந்த மையம் புவியின் மையத்திலிருந்து ஏறத்தாழ 4,670 கிலோமீட்டர் தள்ளி, புவிக்கு உள்ளேயே அமைகிறது. இதை விட்டுவிட்டால் விடை பிறழும்.

விசைமானி (8:33)

1 விழுக்காட்டுப் பிழையைக் கொண்டு 14 விழுக்காட்டை விளக்க முயல்கிறீர்கள்.

கரையோரம் (8:41)

எல்லாரும் கணக்கைச் சிக்கலாக்குகிறீர்கள். நிலவை ஈர்ப்பு விசை உள்ளே இழுக்கிறது, மையவிலக்கு விசை வெளியே தள்ளுகிறது, இரண்டும் சமமாக இருப்பதால் அது விழாமல் நிற்கிறது. அந்தச் சமன்பாட்டிலிருந்து தொடங்கினால் விடை தானாக வரும்.

பழைய_ஆசிரியர் (8:50)

ஐயா, இப்படிச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் மனத்தில் அது ஆழப் பதிந்துவிடும், பின்னர் திருத்துவது பெரும்பாடு. இரண்டு விசைகளும் சமமாகி நிகர விசை சுழியானால் நிலவு நேர்கோட்டில் அல்லவா போக வேண்டும்? நிலவின்மேல் புவி செலுத்தும் விசை ஒன்றே, அது ஈர்ப்பு. மையநோக்கு விசை என்பதும் தனியாக வேறொன்று அல்ல. இங்கே ஈர்ப்பே அந்த வேலையைச் செய்கிறது. தினைப்புனத்தில் கிளி ஓட்டும் கவணை எண்ணிப் பாருங்கள். சுழற்றிக்கொண்டே கயிற்றின் ஒரு முனையை விட்டால், கல் கையிலிருந்து நேர் எதிராக வெளியே பாய்வதில்லை. விட்ட புள்ளியில் வட்டத்தின் தொடுகோட்டுத் திசையில் பறக்கிறது. வெளியே தள்ளும் விசை உண்மையிலேயே இருந்தால் கல் ஆரத்தின் திசையில் அல்லவா போக வேண்டும்?

கரையோரம் (8:58)

வளைவில் பேருந்து திரும்பும்போது நான் சன்னல் பக்கம் சாய்வதை உணர்கிறேனே, அது பொய்யா?

இரு_பொருள் (9:04)

நீங்கள் உணர்வது உண்மை. உங்கள் உடல் நேர்கோட்டில் போக முற்படுகிறது, பேருந்து வளைகிறது, சன்னல் உங்களை உள்ளே தள்ளுகிறது. பேருந்தோடு சேர்ந்து திரும்பும் குறிப்பாயத்தில், அதாவது பார்வை நிலையில், நின்று கணக்கிட்டால் மையவிலக்கு விசையைச் சேர்த்தே ஆக வேண்டும். அதனால்தான் அதைப் போலி விசை என்கிறோம். அந்தக் குறிப்பாயத்தில் உங்கள் சமன்பாடும் செல்லும், விடையும் மாறாது. ஆனால் வெளியே நின்று பார்க்கும் குறிப்பாயத்தில் அந்த விசையைச் சேர்த்தால் தவறு. நிலவு விழாமல் நிற்கிறது என்பதைத்தான் நான் ஏற்க மாட்டேன். அது ஒவ்வொரு வினாடியும் நேர்கோட்டிலிருந்து புவியை நோக்கி ஏறத்தாழ 1.4 மில்லிமீட்டர் விழுந்துகொண்டேதான் இருக்கிறது. அதே வினாடியில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் பக்கவாட்டில் நகர்ந்துவிடுவதால், விழுந்தும் புவியை அடைவதில்லை.

விசைமானி (9:09)

போலி விசை பற்றிப் பேசுவதற்குத் தனி இழை ஏற்கெனவே இருக்கிறது. கேள்வி கேட்டவரே காணாமல் போய்விட்டார் என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

பதினொன்றாம்_வகுப்பு (9:26)

மன்னிக்கவும், சாப்பிடப் போயிருந்தேன். ஐயா, நான் தம்பி இல்லை, மாணவி. தொலைவு 38,44,00,000 மீட்டர். இதை நேரடியாக எடுத்தேன், புவி ஆரத்திலிருந்து கணக்கிடவில்லை. நான்கு பை வர்க்கம் வரும் சூத்திரத்தைத்தான் போட்டேன். சுற்றுக்காலம் வழக்கமான 29.5 நாள், அதை 86,400 ஆல் பெருக்கினேன்.

வான்நோக்கி (9:34)

பிழை அந்த 29.5 இல் இருக்கிறது, தங்கையே. அது பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமி வரையிலான காலம். நிலவு புவியை ஒரு முழுச்சுற்று, அதாவது விண்மீன்களை வைத்துப் பார்த்தால் 360 பாகை, சுற்றிவர எடுப்பது 27.3 நாள்தான். சூத்திரத்துக்கு வேண்டியது இந்தச் சுற்றுக்காலம். சுற்றுக்காலம் வர்க்கமாக வருவதால், 29.5 ஐ 27.3 ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் கிடைக்கும் 1.17 ஆல் உங்கள் விடையைப் பெருக்கிப் பாருங்கள்.

இந்த இரண்டு காலங்களையும் நம் வீட்டு நாட்காட்டியிலேயே காணலாம். திதிகள் 30, நட்சத்திரங்கள் 27. முன்னது சூரியனிலிருந்து நிலவு விலகும் கோணத்தை வைத்து எண்ணுவது, பின்னது விண்மீன்களுக்கிடையே அது நிற்கும் இடத்தை வைத்து எண்ணுவது. தைப்பூசத்தை ஒட்டிய பௌர்ணமியன்று நிலவு பூச நட்சத்திரத்தின் அருகே இருக்கிறது. 27 நாள் கழித்து மீண்டும் பூசத்துக்கு வந்துவிடுகிறது. அப்போதே ஒரு சுற்று முடிந்துவிட்டது. ஆனால் அன்று அது முழுநிலவாக இராது, இடப்பக்க விளிம்பு சற்றே தேய்ந்ததுபோலத் தெரியும். இதற்கிடையில் புவி சூரியனைச் சுற்றி ஏறத்தாழ 27 பாகை நகர்ந்துவிட்டதால், சூரியனுக்கு நேர் எதிரே வருவதற்கு நிலவு இன்னும் இரண்டு நாளுக்குச் சற்று மேல் ஓட வேண்டும். அப்படி ஓடி அது சென்று சேரும் இடம் மகம். அதனால்தான் அடுத்த மாதத்துப் பௌர்ணமி மாசி மகமாகவும், அதற்கடுத்தது பங்குனி உத்திரமாகவும் இரண்டிரண்டு நட்சத்திரம் தள்ளித் தள்ளி வருகின்றன. நாளை கரும்பலகையில் இதையும் வரைந்து காட்டினால் வகுப்பில் யாருக்கும் மறக்காது.

வரலாற்றுப்_பக்கம் (9:41)

என் கணிப்பு தவறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிரின்சிப்பியாவில் நியூட்டன் எடுத்துக்கொண்டதும் 27 நாள் 7 மணி 43 நிமிடம்தான்.

விசைமானி (9:47)

29.5 என்று முதலிலேயே எழுதியிருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். இருந்தாலும் இன்னொன்றையும் யாரும் சொல்லவில்லை. நிலவைப் புவி இழுப்பதைப்போல் இரு மடங்குக்கு மேல் சூரியன் இழுக்கிறது. அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாமா?

வான்நோக்கி (9:55)

வேண்டாம். சூரியனின் இழுப்பு அவ்வளவு பெரியது என்பது உண்மைதான், ஆனால் அது புவியையும் ஏறத்தாழ அதே முடுக்கத்தோடு இழுக்கிறது. புவியை வைத்து நிலவின் இயக்கத்தைப் பார்க்கும்போது இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே எஞ்சும், அது 1 விழுக்காட்டை ஒட்டியதுதான்.

பதினொன்றாம்_வகுப்பு (10:02)

27.3 நாளைப் போட்டேன், 0.00273 வருகிறது. மிக்க நன்றி. ஆனால் 60 க்குப் பதிலாக, தொலைவைப் புவி ஆரமான 6,371 கிலோமீட்டரால் வகுத்துக் கிடைக்கும் 60.3 ஐ எடுத்தால், ஈர்ப்பு விதிப்படி 0.00269 தான் வருகிறது. இந்தச் சிறு வேறுபாடு எதனால்?

இரு_பொருள் (10:08)

நான் சொன்ன நிறைமையம் அங்கேதான் வேலை செய்கிறது. நிலவை நோக்கிப் புவியும் சிறிது முடுக்கம் பெறுவதால், 0.00269 உடன் அதில் 81 இல் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள், 0.00272 ஆகிவிடும். நாளைக்கு இது தேவைப்படாது. யாராவது கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

பதினொன்றாம்_வகுப்பு (மறுநாள் மாலை 5:10)

நன்றாக முடிந்தது. தைப்பூசப் படத்தையும் வரைந்தேன். நிறைமையத்தைப் பற்றி ஒருவர் கேட்டார், சொல்லிவிட்டேன்.