மெகாஸ்போர் கிடைக்காத செலாஜினெல்லா: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

கல்லிடுக்கு:
நீர் கசியும் பாறை, நல்ல நிழல், உள்ளங்கையளவே ஒரு திட்டு: பூக்காமல் ஸ்போரால் (நுண்ணிய வித்துத்துகளால்) பெருகும் செலாஜினெல்லா. நாலு வரிசை இலை, படர்ந்த தண்டு, தண்டு பிரியும் கவைகளில் வேரைத் தாங்கி இறங்கும் வேர்த்தாங்கி. இனம் காணும் திறவுகோலில் கடைசிப் படிவரை தடையில்லாமல் வந்துவிட்டேன். மிஞ்சியது இரண்டு இனம், அதில் ஒன்று மிக அரிது. பிரிப்பது மெகாஸ்போர் (பெரிய பெண் ஸ்போர்) மட்டும்தான்: மேல்பரப்பில் வலைப்பின்னலா, சிறு முட்களா? ஸ்போர்ப் பைகள் அடுக்கியிருக்கும் நுனிக் கூம்பை லென்ஸுக்குக் கீழே வைத்து ஒவ்வொரு பையாகத் திறந்தேன். ஆரஞ்சுத் தூள். அடுத்ததிலும் ஆரஞ்சுத் தூள். நுனியிலிருந்து அடிவரை அந்தத் தூளான மைக்ரோஸ்போரை (சிறிய ஆண் ஸ்போர்) தவிர எதுவுமே இல்லை! அந்தச் செடி இன்னும் பெயரில்லாமல் என் கோப்பில் கிடக்கிறது. மனசு ஆறவில்லை. இப்படி யாருக்காவது நடந்திருக்கிறதா?

வித்துப்பை:
எனக்கு நேர்மாறாக நடந்தது. நான் பார்த்த செலாஜினெல்லா ரூபெஸ்ட்ரிஸ் என்ற இனத்தில் மெகாஸ்போர் மட்டும்தான், அதுவும் வழக்கமான நாலுக்குப் பதிலாகப் பைக்கு ஒன்றிரண்டு. மைக்ரோஸ்போர் கண்ணிலேயே படவில்லை. அந்த இனத்தில் அப்படி உண்டு என்று பிறகுதான் படித்தேன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு கூம்பை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். பல இனங்களில் மெகாஸ்போர் பைகள் கூம்பின் அடியில்தான் இருக்கும், முதலில் முற்றி உதிர்வதும் உண்டு. முற்றிய கூம்பைக் காகித உறையில் போட்டுக் காயவிடுங்கள், உதிர்வது உறையிலேயே தங்கிவிடும். மெகாஸ்போர் வெறும் கண்ணுக்கே புள்ளியாகத் தெரியும். அது வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். கவையில் இருக்கிற அச்சிலை என்ற தனி இலையைப் பாருங்கள், இரண்டு பக்கமும் சமமா? நடு இலையின் (தண்டின் மேல்பக்கத்துச் சிறிய இலை) நுனி கூர்மையா, நீண்ட முடிபோல் இழுத்திருக்கிறதா? ஓரத்தில் பல்லா, மயிரா? கூம்பின் இலைகள் எல்லாம் ஒரே அளவா, இரண்டு அளவா? இரண்டு அளவு என்றால் பெரியவை எந்தப் பக்கம்? தண்டின் நடு இலைகள் இருக்கும் பக்கமே கூம்பின் பெரிய இலைகளும் வந்தால் தேட வேண்டிய கூட்டம் பாதிக்கும் மேல் சுருங்கிவிடும். ஸ்போர் இல்லாமலே இவ்வளவும் பார்க்கலாம்.

நீலஇலை:
வித்துப்பை சொல்வதில் பாதிதான் ஒப்புக்கொள்வேன். இலை ஓரத்து மயிரை நம்பி எத்தனை பேர் புது இனம் என்று கிளம்பியிருக்கிறார்கள்! நிழலில் ஒரு மாதிரி, வெளிச்சத்தில் ஒரு மாதிரி. நிறமும் அப்படித்தான். வில்டெனோவி என்ற இனத்தின் நீலத்தைக் காட்டில் பார்த்தேன், மயில் கழுத்து மாதிரி மின்னியது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதும் கண்ணெதிரே பச்சை ஆகிவிட்டது. அந்த நீலம் சாயத்தால் வருவதில்லை, இலையின் மேற்பரப்பில் இருக்கும் மெல்லிய அடுக்குகளில் ஒளி சிதறிச் சேர்வதால் வருவது. நனைந்தால் போச்சு. மழைநாளில் அதே செடியைப் பார்த்தவர் குறிப்பில் என்ன நிறம் எழுதியிருப்பார்?

டிஎன்ஏ எடுங்கள். சுமார் 700 இனமும் செலாஜினெல்லா என்ற ஒரே பேரினத்தில் வழக்கமாக வைக்கப்படும் குடும்பம் இது. 2015-இல் ஆறு துணைப்பேரினம் என்று ஒரு வகைப்பாடு, 2016-இல் ஏழு என்று இன்னொன்று. இரண்டுக்கும் அடிப்படை மூலக்கூறு ஆய்வுதான்.

வித்துப்பை:
அந்த 2016 வகைப்பாடு உருவ அமைப்பையும் சேர்த்துத்தான் எழுதப்பட்டது. ஒப்பிட ஆதார மாதிரியின் டிஎன்ஏ வரிசை இல்லாவிட்டால் உங்கள் டிஎன்ஏ எந்தக் கிளையில் உட்காரும் என்று மட்டும்தான் தெரியும், பெயர் தெரியாது. அப்புறம், உள்ளங்கையளவு திட்டில் எவ்வளவைப் பிடுங்குவது?

உலர்தாள்:
நான் சொல்வது ஒரு பழைய உலர்மாதிரித் தாளைப் பற்றி. சாதாரணத் தாள் இல்லை, ஓர் இனத்தின் பெயருக்கே ஆதாரமான டைப். ஊசி முனையால் ஒரு கிளையை லேசாகத் தூக்கினேன். கீழே இருந்த கிளையின் அச்சிலை வேறு மாதிரி! ஒரே தாளில், ஒரே பெயருக்குக் கீழே, இரண்டு இனம். சேகரித்தவர் மேல் குற்றமில்லை, பாயாகப் படரும் இனங்கள் ஒன்றுக்குள் ஒன்று பின்னித்தான் வளரும். ஆனால் அந்தப் பெயர் எந்தக் கிளைக்குச் சொந்தம்? யாராவது முறைப்படி ஒரு கிளையை லெக்டோடைப்பாக (பெயருக்கு ஆதாரமாகப் பின்னர் தேர்ந்தெடுக்கும் மாதிரி) தேர்ந்து வெளியிடும்வரை குழப்பம் தீராது. அதுவரை அந்தப் பெயரை எழுதும்போதெல்லாம் கை தயங்குகிறது.

கல்லிடுக்கு, உங்கள் திட்டு ஒரே இனம்தான் என்று பார்த்தீர்களா?

கல்லிடுக்கு:
இதைப் படித்ததும் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்துத் தண்டுகளில் நடு இலை நுனி நீண்டு இருக்கிறது, நடுவில் இருப்பவற்றில் மழுங்கி இருக்கிறது. வயது வித்தியாசமா, இரண்டு செடியா? கூம்பு எடுத்தது நடுவிலிருந்து. ஓரத்துத் தண்டில் கூம்பு வந்ததும் அடிப்பகுதியை மட்டும் உறையில் எடுக்கிறேன், செடியைப் பிடுங்க மாட்டேன். இரண்டு தண்டின் அச்சிலைப் படங்களையும் இன்று இரவு போடுகிறேன், உலர்தாள் பார்த்துச் சொல்லுங்கள்.