கொரோனா நிவாரணம் 2,000 வந்தப்போ செலவு பண்ணீங்களா, எடுத்து வச்சீங்களா?

குமாரபாளையம் தறிவீடு:
2021 மே ஊரடங்குல 10ஆம் தேதியிலிருந்து தறி ஓடலைங்க. டோக்கன் தேதிக்கு ரேஷன் கடைக்குப் போயி முதல் தவணையை வாங்கிட்டு வந்தேன். நாலு 500 ரூபாய் நோட்டு. ஒண்ணு எண்ணெய்க்கும் பருப்புக்கும் போச்சு. மீதி மூணையும் அரிசி டப்பாவுக்கு அடியில மடிச்சு வச்சுட்டேன். தறி எப்ப ஓடும்னு தெரியாது, பையனுக்கு ஃபீஸ் வேற கட்டணும். வீட்டுல யார்கிட்டயும் சொல்லலை.

பத்து நாள் கழிச்சுப் பார்க்கறேன், அத்தை அடுப்படியில உக்காந்து அரிவாள்மனையில பிரஷர் மாத்திரையைப் பாதி பாதியா அரிஞ்சுட்டு இருக்காங்க. கீழ முந்தானையை விரிச்சிருந்தாங்க, தூள்கூடச் சிந்தக் கூடாதுன்னு. "என்னங்கத்தை இது?"ன்னேன். "தறி ஓடற வரைக்கும் இது போதும் சாமி"ன்னாங்க. டப்பா என் காலுகிட்டதான் இருந்துச்சு. அந்த 1,500ஐ வச்சது சரியா தப்பான்னு இன்னிக்கும் மனசுல ஓடுது.

திண்டுக்கல் ஆட்டோ:
வச்சது தப்புதான்க்கா. அது பூட்டி வைக்கக் குடுத்த காசு இல்ல. நான் வாங்கின கையோட மளிகைக்கடை அண்ணாச்சிகிட்ட போனேன், பாக்கி 1,840. என் பக்கத்துல குறுக்கே கோடு போட்டு அடிச்சவரு, நோட்டை மூடாம அடுத்த பக்கத்துல மறுபடி என் பேரை எழுதினாரு. "அடுத்த மாசமும் வாங்கிக்கப்பா"ன்னாரு. அவரும் மண்டிக்குக் கட்டணும்ல. காசு நகர்ந்தாதான் எல்லாரும் சாப்பிட முடியும்.

அஞ்சலகம் (ஓய்வு):
ஆட்டோ தம்பி, ஒத்துக்க மாட்டேன். கடனை அடைச்சு மறுபடி கடன்தானே வாங்கினீங்க? ராத்திரி ஒருத்தருக்குக் காய்ச்சல்னா கையில என்ன இருந்திருக்கும்? எங்க வீட்டுல ஜூன் தவணையோட 14 மளிகைப் பொருள் பையும் வந்ததால பணத்தைத் தொடலை. என் அனுபவம் அவ்வளவுதான்.

ஆனா அம்மா, அரிசி டப்பா வேண்டாம். அஞ்சலகத்துல 500 ரூபாய்க்குச் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம். ஆர்.டி. மாசம் 100 ரூபாயிலிருந்து போடலாம், அஞ்சு வருஷம். உரிமைத்தொகை 1,000 வர்றவங்க, ஏறின அன்னிக்கே 100ஐத் தனியா எடுத்துடணும். மாசக் கடைசியில மிஞ்சினதைப் போடலாம்னு இருந்தா மிஞ்சவே மிஞ்சாது. வைக்கிற இடம் வீட்டுல இன்னொருத்தருக்கும் தெரியணும். பிரஷர் மாத்திரைக்குக் காசு செலவழிக்காதீங்க, ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசம். 2021 ஆகஸ்டுல மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு வீட்டுக்கே கொண்டுவந்து குடுக்கறாங்க. பெயரைப் பதிஞ்சு வைங்க.

குமாரபாளையம் தறிவீடு:
பதிஞ்சிருக்குங்கய்யா, மாத்திரை வீட்டுக்கே வருது. அன்னிக்கு ராத்திரியே டப்பாவிலிருந்து 500 எடுத்து மாத்திரை வாங்கியாந்தேன். ஏது காசுன்னு அத்தை கேக்கலை. மூடியைத் திறந்து அரிசி அளக்கறது தினமும் அவங்கதான்.