புளோரன்ஸ் போய்வந்தவர்களே, எது இன்னும் மனதை விடவில்லை?

மாடப்புறா:
பேராலயத்தின் மேல் புருனெலெஸ்கி கட்டிய கும்மட்டம், 463 படி, லிஃப்ட் கிடையாது, எல்லாருக்கும் தெரிந்ததுதான். எனக்கு ஓயாமல் நினைவில் வருவது உள்கூட்டுக்கும் வெளிக்கூட்டுக்கும் நடுவில் ஏறும் அந்தச் சந்து. மேலே போகப்போக சுவர் தோள்மேல் சாய்ந்துகொண்டே வரும். மூச்சு வாங்க நின்ற இடத்தில் கண்ணுக்கு நேரே செங்கல், படுத்த வரிசைகளுக்கு நடுவே நிற்க வைத்த கற்கள் மீன்முள் மாதிரி மேலேறிப் போகின்றன. தரையிலிருந்து முட்டுக் கொடுக்காமலே 1420இல் தொடங்கி 1436இல் முடித்தார்களே, அந்த உத்தி இதுதான். கையை வைத்தேன். பின்னால் வந்தவர்கள் நகரச் சொன்னார்கள், மனமே வரவில்லை. பழைய ரோமின் அறிவு திரும்பி வந்தது என்று பள்ளியில் படித்தது அங்கேதான் புரிந்தது.

கிணற்றடி:
@மாடப்புறா, திரும்பி வந்தது என்று சொல்லாதீர்கள். ரோமின் பழைய பாந்தியன் கோயிலின் கும்மட்டம் காங்கிரீட், வட்டம். இது செங்கல், எட்டுப் பட்டை. புருனெலெஸ்கி பழையதைக் கற்றார், சரி, ஆனால் இதை அவரேதான் யோசித்தார்.

எனக்கு சாந்தா மரியா நொவெல்லா தேவாலயம். மசாச்சோவின் திரித்துவ ஓவியம், 1427 வாக்கில் வரைந்தது, சுவருக்குள் ஓர் அறையே இருப்பதுபோலத் தெரியும். அடியில் எலும்புக்கூடு. நீ இப்போது இருப்பதுபோல் நானும் இருந்தேன், நான் இருப்பதுபோல் நீயும் ஆவாய் என்று அதன் மேல் எழுதியிருக்கிறது. அப்பா போய் மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. கோடுகள் எல்லாம் போய்ச் சேரும் புள்ளி பார்ப்பவரின் கண் மட்டத்தில் இருக்கிறது, அதனால் அந்த வரி எனக்கே சொன்னதுபோல இருந்தது.

ஏட்டுச்சுவடி:
இருவரும் கல்லையும் வண்ணத்தையுமே பேசுகிறீர்கள். 1397இல் கிரேக்க அறிஞர் கிரிசொலோராஸ் வந்து கிரேக்கம் சொல்லிக்கொடுத்திராவிட்டால் அந்த ஊரில் பழைய நூல்களை மூலத்தில் யார் படித்திருப்பார்கள்? நான் சான் மார்கோ மடத்து நூலகத்தில் கால்மணி நேரம் தனியாக நின்றேன், மிகெலோட்ஸோ கட்டியது, இரண்டு வரிசைத் தூண்கள், அவ்வளவு அமைதி. போகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்: காலையிலேயே போங்கள், மாடிப்படி முடியும் இடத்தில் ஃப்ரா ஆஞ்சலிகோவின் ஓவியம் இருக்கும், அங்கே அவசரப்படாதீர்கள். கும்மட்டத்துக்கு நேரம் குறித்து முன்பதிவு செய்யுங்கள், இதய நோய் உள்ளவர்களும் இறுக்கமான இடம் ஆகாதவர்களும் ஏறவே வேண்டாம், நல்ல செருப்பு முக்கியம், மைக்கலாஞ்சலோவின் டேவிட் சிலைக்கும் முன்பதிவு செய்துவிடுங்கள், சதுக்கத்தில் நிற்பது நகல், அதைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள்.

மாடப்புறா:
@கிணற்றடி, அதே தேவாலயத்துக்கு நானும் போனேன். அந்தச் சுவரைத் தாண்டித்தான் நடந்திருப்பேன். எலும்புக்கூடு பார்த்த நினைவே இல்லை.