கறுப்பு எழுந்த நொடி

இலங்கை மலையகத்தின் ஹட்டனிலிருந்து:

ஆந்திராவில் மசூலிப்பட்டினத்துக்கு அருகே உள்ள பெடனாவில், துணியில் இயற்கைச் சாயத்தால் சித்திரம் பதிக்கும் கலங்காரி அச்சுக்கூடம் ஒன்றில் அரை நாள் நின்றேன். கலங்காரி என்றால் எழுதுகோலால் வரைவது என்றே அதுவரை நினைத்திருந்தேன். அது காளத்திப் பக்கத்து முறை. இங்கே எல்லாம் தேக்கு அச்சுக்கட்டைதான்.

மேசையில் விரித்திருந்த துணி வெளிர்மஞ்சளாக இருந்தது. கடுக்காய்ப் பொடியும் எருமைப்பாலும் கலந்த நீரில் முக்கி, வெயிலில் உலர்த்திய துணி அது. முதியவர் ஒருவர் கட்டையைத் தட்டில் ஒற்றினார், துணிமேல் பொருத்தினார், மணிக்கட்டை ஒட்டிய உள்ளங்கையால் ஒரு குத்து. தட்டில் இருந்தது துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் வாரக்கணக்கில் ஊறவைத்து வடித்த நீர். தட்டில் வெறும் பழுப்பு. கட்டையை எடுத்தபோதோ கொடியும் இலையும் என் கண்முன்னே கறுத்துக்கொண்டிருந்தன. கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் கூடினால் பிறக்கும் கறுப்பு.

எனக்கு அம்மாவின் விரல்கள் நினைவுக்கு வந்தன. தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்துக்கு வரும்போது நுனியெல்லாம் கறை பிடித்திருக்கும். தேசிக்காய் தேய்த்தாலும் முழுதாகப் போகாது. தேயிலையிலும் அந்தத் துவர்ப்புத்தானே இருக்கிறது!

ஊர் திரும்பியதும் கடுக்காய்க்குப் பதிலாகத் தேயிலைத் தூளைக் கொதிக்கவைத்துத் துணியை ஊறப்போட்டேன். பழைய ஆணிகளும் கித்துள் பனையின் கருப்பட்டியும் மூன்று வாரம் போத்தலில் கிடந்தன. ஆடி மாத மழை. துணி நான்கு நாளாகியும் காயவில்லை. கடைசியில் அடுப்புக்கு மேலே கொடி கட்டினேன். அச்சிட்டபோது கறுப்புக்குப் பதில் சாம்பல் நிறம்தான் வந்தது, கோடுகளும் கசிந்து படர்ந்துவிட்டன. பால் சேர்க்காதது என் தவறு. பாலில் உள்ள கொழுப்புத்தான் மையைப் பரவவிடாமல் பிடித்து நிறுத்துகிறது. ஆனாலும் அந்தச் சாம்பல் நிறத்தை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. துணியை மடித்து வைத்திருக்கிறேன்.

பண்டாரவளையிலிருந்து:

அக்கா, ராஜஸ்தானின் பக்ருவில் அந்த இரும்பு நீரோடு புளியங்கொட்டை மாவைச் சேர்த்துக் கெட்டியாக்குகிறார்கள். அடுத்த முறை அதையும் செய்து பாருங்கள்.

நான் சிவப்பில் இறங்கினேன். படிகார நீரால் அச்சிட்டால் துணியில் ஒன்றுமே தெரியாது. வீணாகிவிட்டது என்றே நினைத்தேன். நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய மஞ்சிட்டி வேரைப் போட்டுக் கொதிக்கவைத்த பானையில் அமிழ்த்திக் கிளறக் கிளற, கட்டை பட்ட இடம் மட்டும் அடர்சிவப்பாக எழுந்தது. மற்ற இடத்தில் ஒட்டியிருந்த மங்கல் நிறம் ஓடையில் அலச அலச வெளுத்தது. இந்தச் சிவப்பு நம் நாட்டுக்கும் புதிதல்ல. ஒல்லாந்தர் காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் சிவப்புச் சாயத்துக்காகச் சாயவேர் தோண்டி எடுத்தார்கள்.

ஆடியில் உங்கள் பக்கம் மழை என்றால், எங்கள் ஊவா மாகாணத்தில் வெயிலும் காற்றும். துணியை எடுத்துக்கொண்டு ரயில் ஏறுங்கள், எங்கள் முற்றத்தில் உலர்த்தலாம். பாலுக்கு நான் சொல்லி வைக்கிறேன்.